சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியங்கள்

பிந்து மிஸ் பலகையில் எழுதிய இரண்டு சொற்களில் முதலாவது கறுப்பாகவும் இரண்டாவது சாம்பலாகவும் இருந்தன. மார்க்கரில் மை தீர்ந்துவிட்டது. மிஸ் அதை உதறி உதறி, எழுதியதன் மேலேயே இன்னொரு முறை எழுதிப் பார்த்தார், கறுக்கவில்லை. கிவ் அப். இதை வைத்து ஐந்து வாக்கியங்கள், ஆங்கிலத்தில், பன்னிரண்டு மணிக்குள். "ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்று திரும்பினார். "இந்த வாட்டி யாரோட அப்பாவும் சிகரெட்ட விடப்படாது. போன பேட்ச்ல எழுதின அத்தன பேரோட அப்பாவும் சிகரெட்ட விட்டாச்சு. அது உண்மையா இருந்தா வடசேரில ஒரு பெட்டிக்கட மிஞ்சியிருக்காது, கேட்டீங்களா." வகுப்பு சிரித்தது. "கைடுல உள்ளத எழுதினா மார்க்கு கிடையாது. ஒங்க சொந்த வாழ்க்கைலேர்ந்து எழுதணும். இன்டர்வியூல ஒங்க வாழ்க்கயத்தான் கேப்பாங்க, கைடோட வாழ்க்கய இல்ல." ரெக்சிலினும் சிரித்துவைத்தாள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி சும்மா இருந்தால் மிஸ் அவளைப் பார்ப்பார், பார்த்தால் எழுப்பிக் கேள்வி கேட்பார். இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் சிரிப்பதெல்லாம் இப்படித்தான், கூட்டத்தோடு கூட்டமாக, கொஞ்சம் பிந்தி.

பை அவள் கால்களுக்கு நடுவில் இருந்தது. பரீட்சை என்றால் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பாதத்தால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் இடையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அப்பாவின் சாரம். கைலியை அவர்கள் கடற்கரையில் சாரம் என்பார்கள். நீலமும் பச்சையும் கட்டம் போட்டது, ஓரத்தில் பீடி நெருப்பு விழுந்து ஒரு பொத்தல். அப்பா உடுத்தி அவிழ்த்ததில் தண்ணீர் படாமல் மிஞ்சிய ஒரே துணி அதுதான். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஊரில் அப்பாவுக்கு அடக்கம். அடக்கம் செய்ய அப்பா இல்லை. போன வருஷம் பெருங்காற்று வந்தபோது அவரும் இன்னும் இரண்டு பேரும் போன வள்ளம் கவிழ்ந்து மிதந்ததைக் கண்டுபிடித்தார்கள், ஆட்களைக் கண்டுபிடிக்கவில்லை. கடல் கொண்டுபோனவனுக்கு ஊரில் ஒரு வழி உண்டு. வருஷம் திரும்பும்போது பெட்டி செய்து, அவன் உடம்பு பட்ட துணியை அதற்குள் வைத்து, கோயிலில் பூசை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். சிலுவையில் பெயர் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அவன் செத்தவன். துவைத்த துணி ஆகாது என்பார்கள் பெரியவர்கள். துவைத்தது கடைத்துணி மாதிரி, அதில் ஆள் கிடையாது. மற்ற இரண்டு வீட்டிலும் துணி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ரெக்சிலின் வீட்டில் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்று ஊருக்கே தெரியும். இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அலமாரி அலமாரியாகத் திறப்பார்கள் என்று பயந்து, விடிந்ததும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சை இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டாள்.

மை ஃபாதர் என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். எழுத்து நன்றாகத்தான் வந்தது. பக்கத்தில் அபிஷா ஏற்கெனவே இரண்டாவது வாக்கியத்தில் இருந்தாள். ஓயாமல் காற்றடிக்கிற ஆரல்வாய்மொழிக்காரி, பேனாவைக்கூடக் காற்றில் பிடித்துக்கொள்கிறவள் போல இறுக்கிப் பிடித்து எழுதுவாள். "எங்கப்பாவ சிகரெட்ட விடாண்டாம்னுட்டாங்க, அதனால மூக்குப்பொடிய விட வச்சுட்டேன்" என்று உதடு அசையாமல் சொன்னாள். ரெக்சிலினுடைய அப்பா பீடிதான். உண்மையாகவே விடுவார், ஒவ்வொரு வருஷமும், தவக்காலத்துக்கு. தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்து, மீதிப் பீடிக்கட்டை அம்மாவின் கையில் கொடுப்பார். "இந்தா பிடி, புஷ்பம். நான் காலப் பிடிச்சுக் கெஞ்சினாலும் தராத." வீட்டில் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். அம்மா கறியை விடுவாள். ரெக்சிலின் சாயாவை விடுவாள், மூன்றாம் நாள் தலை வலிக்கும். நாற்பது நாளும் அப்பா வாயில் ஏலக்காய் போட்டு மென்றுகொண்டு, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டு, வலையைக் கிழித்துக் கிழித்துத் தைத்துக்கொண்டு இருப்பார். "நீங்க பீடிய விட்டதுல எங்களுக்குத்தான் தவம்" என்பாள் அம்மா. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் பாஸ்கா வாழ்த்துச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் காணோம் என்றால் கோயிலுக்குப் பின்னால் போக வேண்டும். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் பீடியை இழுத்துக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளையில் அவளுக்கு இயேசு உயிர்த்தெழுந்தது என்றால் அந்தப் புகைதான். விட்டது திரும்பி வந்துவிடும், நாற்பது நாளில் வந்துவிடும், நாள்தான் எண்ண வேண்டும். எழுதினாள். ஒவ்வொரு தவக்காலத்துக்கும் என் அப்பா பீடியை விட்டுவிடுவார். புள்ளி வைத்தாள். பீடிக்கு ஆங்கிலம் என்ன என்று தெரியாமல் பீடி என்றே எழுதியிருந்தாள். எழுதியது சரிதான். ஆனாலும் அதைப் பார்க்கப் பார்க்க, வாக்கியம் தன்னை எங்கோ கூட்டிக்கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. இந்த வருஷத் தவக்காலத்தில் யாரும் எதையும் விடவில்லை. சாம்பல் பூசிக்கொள்ள அம்மா கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

இரண்டாவதாக எல்லோருக்கும் தெரிந்தது பஸ்ஸில் இடம் விடுவது. வயதானவருக்கு என் இருக்கையைக் கொடுத்தேன். கைடில் அதுவும் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் போகிற யாருக்கும் அது சொந்த வாழ்க்கைதான், மிஸ் ஒன்றும் சொல்ல முடியாது. ஐ என்று போட்டாள். போட்டதும் காலையில் வந்த பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. இடம் விடுவதற்கு அவளுக்கு இடம் எங்கே இருந்தது? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள், மடியில் பூசணிக்காய்த் துண்டு, எல்லோரும் செய்வதுபோலக் கையை நீட்டினாள். "பையத் தா மக்ளே, நான் வச்சுக்கிடுதேன்." நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது பஸ்ஸில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாக நீளும், பை தானாகப் போகும். ரெக்சிலின் பையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்." அவளுக்கே அந்தக் குரல் வேற்றாளுடையதாகக் கேட்டது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "ஏன், உள்ள தங்கமா வச்சிருக்கா?" என்றாள் அந்த அம்மாள், முன்னிருக்கைக்காரியிடம் சொல்வதுபோல. "நாம கொண்டு போயிடுவோமாம்." நாகர்கோவில் வரும்வரை அந்த அம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ரெக்சிலினுக்கு முகமெல்லாம் எரிந்தது. மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும். ஐ என்ற ஒற்றை எழுத்தைக் கோடு போட்டு அடித்தாள். அடித்தது பார்ப்பதற்குச் சிலுவை மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் இன்னும் இரண்டு கோடு போட்டுக் கலைத்தாள்.

ஜன்னலுக்குக் கீழே சாலையில் எதிர்க்கடைக்காரர் ஏணி போட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். காகித ஸ்டார்கள், உள்ளே பல்பு இல்லாமல் பகல் வெளிச்சத்தில் வெளிறிக் கிடந்தன. காற்று கொஞ்சம் அடித்ததும் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. அந்தப் பெருங்காற்று வந்த அன்று அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். ஊருக்குப் போய்ச் சேரும்போது மணலெல்லாம் பெண்களாக இருந்தது. யாரும் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடப் போன கப்பல் திரும்பிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகும் ஊர்க்காரர்கள் தங்கள் வள்ளங்களில் போனார்கள், வில்சன் சித்தப்பா போனார், டீசல் தீரும்வரை போனார். திரும்பி வந்து இறங்கியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே கோயில் முன்னாலுள்ள குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினார். கடலிலிருந்து வருகிற மனுஷன், முட்டுவரை நனைந்து வருகிற மனுஷன், குழாயைத் திறந்துவிட்டு இந்தக் காலை அந்தக் காலால் தேய்த்து, அந்தக் காலை இந்தக் காலால் தேய்த்து, கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து போய்க் குழாயை மூடினாள். "போதும் கொழுந்தனாரே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள். எழுதிவிட்டாள். தே கேவ் அப் த சர்ச். எவ்வளவு சின்ன வாக்கியம்! கைடில்கூட இருக்கும். யார் அவர்கள், எதைத் தேடினார்கள் என்று மிஸ் கேட்க மாட்டார். சரி என்று சிவப்பில் ஒரு கொக்கி போட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அந்தக் கொக்கியை நினைத்ததும் அவளுக்கு எழுதியதைக் கிழித்துப்போட வேண்டும்போல இருந்தது. கிழிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை மூன்றாவதாக ஹாஸ்டல் சோற்றைப் பற்றி ஒன்றை எழுதியது. முதல் வருஷம் நான் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். உண்மைதான். அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களாகவே ஐந்தும் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சாரம் எப்படிக் கிடைத்தது என்பதை அவள் பலமுறை நினைத்திருக்கிறாள், நினைத்து நினைத்து அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. கடலுக்குப் போன அன்று வீட்டில் துணி நனைக்கக் கூடாது, பெருக்கக் கூடாது. மறுநாள் விடிந்ததும் அம்மா அப்பாவின் துணியையெல்லாம் அள்ளிப்போட்டுத் துவைத்துவிடுவாள், வரும்போது மடிப்புக் கலையாமல் உடுத்தட்டும் என்று. எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அம்மாவின் சுத்தம் ஊரில் பேர்போனது. தலையணை உறை, துவாலை, தலையில் கட்டுகிற துண்டு எதையும் விட மாட்டாள். அந்தத் தடவையும் துவைத்தாள். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே துவைத்துக் கொடியில் போட்டாளாம், பறந்துபோன சட்டையைப் பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து எடுத்தார்களாம். கப்பல் திரும்பிவிட்டது என்று தெரிந்த அன்று ரெக்சிலின் அழுவதற்கு இடம் தேடி உள் அறைக்குப் போனாள். வீடெல்லாம் ஆட்கள். கட்டிலுக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். அங்கே, பெட்டிக்குப் பின்னால், சாரம் இருந்தது. மடித்து, சுவரோரமாக. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பீடி, உப்பு, டீசல், அதற்கெல்லாம் அடியில் அப்பாவின் கழுத்து மணம், சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது முகத்தைப் புதைத்துக்கொண்ட மணம். அம்மாவின் கண்ணில் படாமல் தப்பியது. அம்மாவிடம் காட்டினால் வாளியில் போட்டுவிடுவாள் என்றுதான் முதலில் ஒளித்தாள். பிறகு பிறகு, ஒளித்ததே ஒரு காரணமாகிவிட்டது. இது துவைக்கப்படாமல் இருக்கும்வரை அப்பா இதை அவிழ்த்துப்போட்டு வெளியே போயிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு தீவில் ஒதுங்கியிருக்கலாம். பேச்சு புரியாத ஊரில் ஏதாவது ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் படுத்திருக்கலாம். அப்படி வந்தவர்கள் இல்லையா? மாலத்தீவுப் பக்கம் கரையேறிய ஒருவர் இரண்டு கிறிஸ்துமஸ் கழித்து வாசலில் வந்து நின்றார் என்று சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் தினமும் முகர்ந்தாள். பிறகு பயம் வந்தது, முகர்ந்தால் தீர்ந்துபோகுமே. கவரில் போட்டுக் கட்டிவைத்தாள். மழைக்காலம் வந்ததும் பூச்சி அரித்துவிடும் என்று இன்னொரு பயம். அதற்கும் செய்ய வேண்டியதைச் செய்து, முடிச்சை இறுக்கி, தன் பெட்டியின் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அம்மா சம்மதித்தது போன ஞாயிற்றுக்கிழமை. அதுவரை வாசல் பல்பு பகலும் எரியும். யார் சொல்லியும் அணைக்க மாட்டாள், அவர் வந்தால் படியில் தடுக்குவார் என்பாள். அன்று கோயில் உபதேசியாரும் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். "மதினி, மத்த ரெண்டு வீட்லயும் சரின்னுட்டாவ" என்றார் சித்தப்பா. "ஒங்களுக்காக அவங்களும் காத்துக் கெடக்க முடியாது. அண்ணனுக்கு ஒரு மண்ணு வேண்டாமா? கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த எடம் வேண்டாமா?" அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "சரி" என்றாள். ரெக்சிலின் கதவுக்குப் பின்னால் நின்றாள். சரி. ஒரு வருஷம் எரிந்த பல்புக்கு ஒரு சரி. "அவன் ஒடம்பு பட்ட துணி ஒண்ணு வேணுமே" என்றார் உபதேசியார். அம்மா மீன் கழுவுகிற சட்டியையே பார்த்துக்கொண்டு, "தொவைக்காதது ஒண்ணும் இல்ல" என்றாள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க சுத்தம் ஆளையே தொவச்சுட்டு! பிறவு பெட்டியில எதப் போட்டு மூட? கலியாண வேட்டியையா? அது அண்ணன் ஒரு நாளு உடுத்தது." "அதையே வையுங்க" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் பார்த்தால் வாசல் பல்பு அணைந்திருந்தது. அதை நினைத்ததும் பேனா ஓடியது. மை மதர் கேவ் அப் ஹோப். என் அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டாள். யோசிக்காமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், காகிதம் பின்பக்கம் புடைக்கும்படி எழுதினாள். எழுதிய பிறகுதான் படித்தாள். குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. காலையில் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது சித்தப்பா, "அப்பனுக்கு அடக்கம், இவளுக்கு இன்னிக்கு இங்கிலீசா?" என்று கத்தினார். "போயிட்டு வரட்டும்" என்றாள் அம்மா. "இங்க இருந்து அவ என்னத்தப் பாக்க?" சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போது அம்மாவின் கண் பை மேல் ஒரு நொடி நின்றது. ரெக்சிலின் டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"ஏ, யாரு பைக்குள்ள பாச்சா உருண்ட?" அபிஷா மூக்கைச் சுருக்கினாள். "கல்யாண வீட்டுப் பட்டுச்சேல நாத்தம்லா அடிக்கு. எங்க அத்த வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு." பின்பெஞ்சில் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். "அங்க என்ன பேச்சு?" என்றார் மிஸ். ரெக்சிலின் காலை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் பாதத்தால் அழுத்தி அழுத்தி அந்தக் கவரிலிருந்த காற்றை அவளே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அவளுக்கும் அடித்தது. வெள்ளையாக, கூர்மையாக, மூக்கின் மேல்பாகத்தில் குத்துகிற மணம். குனிந்தாள். பேனா விழுந்த மாதிரி குனிந்து, பையின் ஜிப்பை விலக்கி, முடிச்சின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். முடிச்சை நகத்தால் நெம்பினாள். ஒரு விரல் நுழைகிற அளவு வாய் திறந்தது. பாச்சா உருண்டை. இன்னும் ஆழமாக இழுத்தாள், பாச்சா உருண்டை. அதற்கு அடியில் தேடினாள், பீடியைத் தேடினாள், உப்பைத் தேடினாள், கழுத்தைத் தேடினாள். பூச்சிக்குப் பயந்து அவள் கையாலேயே வாங்கி, அவள் கையாலேயே போட்ட உருண்டைகள் மாதக்கணக்காக உள்ளே உட்கார்ந்து அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தன. அம்மா சவுக்காரத்தால் செய்வாள் என்று பயந்ததை அவள் இதனால் செய்துவிட்டாள். தலைக்கு மேல் பெஞ்சு, சுற்றிலும் கால்கள், செருப்புகள், யாரோ ஒருத்தியின் அவிழ்ந்த கொலுசு. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தாள். இனி இதை யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் இறங்கிச் சிவந்திருந்தது. "ஒடம்பு சொகமில்லியாடி?" என்றாள் அபிஷா, இம்முறை கேலி இல்லாமல். இல்லை என்று தலையாட்டினாள். என்ன இல்லை என்று அபிஷாவுக்கும் விளங்கியிருக்காது.

ஐந்தாவதற்கு இடம் விட்டு எண் மட்டும் போட்டிருந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரப்பெட்டிக்குப் பின்னால் சாரம் எப்படி இருந்தது? மடித்து இருந்தது. அந்த வழவழப்பான இடத்தில் விரல் இப்போதுதான் எதன் மேலோ இடறியது. அப்பா எதையும் மடித்தவர் இல்லை. அவிழ்த்த இடத்தில் வட்டமாகக் கிடக்கும், அதைத் தாண்டிப் போவார். "ஒங்கப்பன் சட்ட உரிச்ச பாம்புமாதிரி போறாரு பாரு" என்று அம்மா திட்டுவாள். அப்படியானால் மடித்தது யார்? கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒண்டி அழுவது சின்ன வயதிலிருந்து யாருடைய வழக்கம், அது யாருக்குத் தெரியும்? தொவைக்காதது ஒண்ணும் இல்ல. அம்மா அதை யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, கதவின் பக்கம் மட்டும் பார்க்காமல் சொன்னாள். மிஸ் தாள்களை வாங்கத் தொடங்கிவிட்டார். ரெக்சிலின் நான்காவது வாக்கியத்தை அடிக்கப் பேனாவை வைத்தாள். என் அம்மா என்ற முதல் இரண்டு சொற்களை விட்டுவிட்டு மற்றதை அடித்தாள். "என்னம்மா ரெக்சிலின், மூணுதான் இருக்கு?" என்றார் மிஸ், தாளைத் தூக்கிப் பிடித்து. "இது என்ன, மை மதர்னு போட்டு நிறுத்திட்ட?" அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். "தெரியல்ல மிஸ்" என்றாள். "தெரிஞ்சதுதான். எழுத வரல்ல." யாரும் சிரிக்கவில்லை. மிஸ் அவளையும் தாளையும் பார்த்தார். "சரி, வீட்ல போயி யோசி" என்று அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

மாடிப்படியின் திருப்பத்தில் நின்று போன் போட்டாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தமும் ஜெபமாலை சொல்கிற குரல்களும் கேட்டன. "எழுதிட்டியா மக்ளே?" என்றாள் அம்மா. "ம்." "நல்லா எழுதினியா?" "மூணுதான் எழுதினேன்." "அது போவுது. சாப்பிட்டியா?" "எம்மா" என்றாள். "எம்மா, பெட்டிய மூடிராதீங்க. நான் ஒண்ணு கொண்டு வாறேன்." ஜெபமாலைக் குரல்கள் தள்ளிப்போயின. உள் அறைக்குள் போயிருப்பாள், கட்டிலுக்கும் மரப்பெட்டிக்கும் பக்கத்தில் நின்றிருப்பாள். "மூடல்ல" என்றாள். "ஒஞ் சித்தப்பன் கெடந்து சத்தம் போடுதாரு. எம் பொண்ணு வராம மூடாண்டாம்னு சொல்லிப்போட்டேன். பைய வா, ஓடி வராத." பிறகு, குரலை இன்னும் தாழ்த்தி, "அந்தப் பாச்சா உருண்டைய எடுத்துக் களஞ்சிட்டு வா மக்ளே. ஒங்கப்பாக்கு அந்த மணம் ஆவாது" என்றாள்.

உருண்டைகள் தேய்ந்து பட்டாணி அளவுக்கு ஆகியிருந்தன. படியோரத்தில் நின்று பொறுக்கிப் பொறுக்கிச் சாக்கடை ஓடையில் போட்டாள். மடிப்பைக் கலைக்கவில்லை. பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளில் பையோடு, இரண்டு வளைவுகளில் இரண்டு பேர் மேல் விழுந்தாள். ஜன்னலோரத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற ஒரு அம்மாள், காலடியில் காலி அலுமினியச் சட்டி, நிமிர்ந்து பார்த்துக் கையை நீட்டினாள். "பையத் தா." ரெக்சிலினின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. பஸ் குலுங்கியது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, செதில் ஒட்டிய கை, அவசரமில்லாத கை. அவள் வாரைத் தோளிலிருந்து கழற்றினாள். கொடுத்தாள். அந்த அம்மாள் அதை மடியில் வைத்து, மேலே இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். "படிக்கிற பிள்ளக்க பைன்னா கனம்லா இருக்கும், இது என்ன ஒண்ணும் இல்லாத மாதிரி கெடக்கு. என்ன மக்ளே இதுல?" கேட்டால் பதில் சொல்லாமல் வெளியே பார்க்கிற பெண்தான் அவள். தோள் லேசாகி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "எங்கப்பாவுக்க சாரம்" என்றாள். பஸ் இரைச்சலில் தன் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாள் பையின் மேல் கையை இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டாள். "அப்பாக்குக் கொண்டு போறியா?"

"ஆமா" என்றாள் ரெக்சிலின்.